இரண்டு முறையைச் சேர்த்தால் பக்கச்சார்பு போய்விடாது

தம்பி, ரோபோ தெரிவு செய்ய, எந்த அம்சம் எவ்வளவு முக்கியம் என்று கணக்கிடும் ஏஎச்பி (AHP) முறையையும், மிகச் சிறந்த நிலைக்கு எது கிட்ட என்று பார்த்து வரிசைப்படுத்தும் டாப்சிஸ் (TOPSIS) முறையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆட்களின் விருப்பு வெறுப்பு கலக்காமல் சரியான ரோபோ வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது பிழை. ஏஎச்பியில் எடைகள், அதாவது ஒவ்வொரு அம்சத்தின் முக்கியத்துவத்தைக் காட்டும் எண்கள், வருவதே ஆட்கள் அம்சங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை போடும் புள்ளிகளில் இருந்துதான். அந்த ஒப்பீடுகளில் இருந்து கணக்கிடும் இசைவு விகிதம் 0.1க்குக் கீழே இருந்தால் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று பெரிதாக முரண்படவில்லை என்று மட்டுமே பொருள். டாப்சிஸ் அந்த எடைகளை அப்படியே வாங்கித்தான் தரவரிசை போடுகிறது, அதிலும் பட்டியலில் ஒரு ரோபோவைச் சேர்த்தாலோ எடுத்தாலோ மற்றவற்றின் வரிசை சில வேளை மாறிவிடும். திருகோணமலையில், சீனன்குடாப் பக்கம் மூட்டை அடுக்க ஒன்று வாங்குகிறோம் என்று வையுங்கள்: சுமைத்திறன், விலை, துல்லியம் மட்டும் போட்டு உப்புக்காற்றை விட்டுவிட்டால் எந்தச் சூத்திரமும் அதைப் பிடித்துத் தராது. எடைகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து முதலிடம் மாறுகிறதா என்று பாருங்கள், பிறகு விலைமனு கேளுங்கள்.