பிள்ளையின் மருந்தை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?

நேற்றிலிருந்து அந்தக் காணொளியை ஆளுக்கு ஆள் எனக்கு அனுப்புகிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். என் மகனுக்கு குரோன்ஸ் நோய், குடல் வீங்கிப் புண்ணாகும் நாள்பட்ட நோய். குடலில் நல்ல பாக்டீரியா செத்ததுதான் அந்த நோயாம். தினமும் பழைய சோறு கொடுத்து, மருந்தைத் தூக்கிப் போட வேண்டுமாம். வளரும் பிள்ளையின் மருந்தை!

பாக்டீரியாவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2014-இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வில், குரோன்ஸ் என்று புதிதாகத் தெரியவந்த, சிகிச்சை தொடங்காத 447 பேரின் குடல் திசுவைப் பார்த்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். சில பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன, சில குறைந்திருந்தன. ஆன்டிபயாடிக் எடுத்தவர்களிடம் இந்தக் குளறுபடி இன்னும் அதிகம். ஆனால் அதனால் நோய் வந்ததா, நோயால் அப்படி ஆனதா என்பது இன்னும் தீராத கேள்வி.

என் மகனுக்கு முதல் சிகிச்சையே சாப்பாடுதான், தெரியுமா? 6 முதல் 8 வாரம் வரை, வேறு சாப்பாடே இல்லாமல், சத்துப் பவுடரைக் கரைத்துக் குடிப்பது மட்டும். குரோன்ஸ் வந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே நோய் அடங்குகிறது. தங்கச்சி பிறந்தநாளுக்கு வீட்டில் பிரியாணி தம் போட்டிருந்தபோது, எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். இப்படிப் பவுடர் மட்டும் குடிக்கும் சமயத்தில் குடல் பாக்டீரியாவின் வகைகள் கூடுவதில்லை, குறைகின்றன. ஆனாலும் பிள்ளை தேறுகிறது. நல்ல பாக்டீரியாவை உள்ளே அனுப்பினால் போதும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

“அப்போ பழைய சோறு கெட்டதா?” என்று வருவீர்கள். எங்கே சொன்னேன்? எங்கள் வீட்டிலும் சாப்பிடுகிறோம். ஸ்டான்லி மருத்துவமனையில் அதைப் பற்றி ஆய்வு செய்வதும் தெரியும். நல்ல முடிவு வந்தால் முதலில் சந்தோஷப்படுவது நான்தான். ஆய்வு நடப்பதும், மருந்தை நிறுத்தச் சொல்வதும் ஒன்றா? நிறுத்தினால் நோய் திரும்பலாம், பிள்ளையின் வளர்த்தியே தடைப்படலாம். மருந்துக் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறேன் என்பவர்களிடம் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

அப்புறம், “பீட்சா வாங்கிக் கொடுத்திருப்பே.” “தாய்ப்பால் ஒழுங்காக் கொடுத்தியாம்மா?” கல்யாண வீட்டுப் பந்தியில், அவன் காதுபடவே கேட்டார்கள். யாரும் அவன் அப்பாவிடம் கேட்கவில்லை. மரபணு, நோய் எதிர்ப்புச் சக்தி, பாக்டீரியா, சூழல் எல்லாம் சேர்ந்து வரும் நோய்க்கு ஒரு தாயின் சமையல்தான் காரணமா?

இவ்வளவு அக்கறை இருப்பவர்கள் பள்ளிக்கூடத்தில் வந்து பேசுங்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற பிள்ளையை, “இப்பதானே போயிட்டு வந்தே” என்று உட்கார வைத்திருக்கிறார்கள். கேட்கப் போனால், டாக்டர் கடிதம் வேண்டுமாம். வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். இனிமேல் அவன் அனுமதி கேட்டு நிற்கக் கூடாது. எழுந்து போய்விட வேண்டும், அவ்வளவுதான்.