அசல் பாகமாம், அசல் பாகம்!

இன்னும் எத்தனை முறைதான் ஏமாறுவது? ‘எல்லாமே ஒரிஜினல்’ என்று சத்தியம் செய்து என் தலையில் கட்டிய பழைய டைவர் வாட்ச், சீகோ 6309-7040. சீரியல் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டைச் சொல்கிறது, இரண்டாவது மாதத்தை. அதுவரை சரி. அப்புறம் லூப்பை, அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடியை, வைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. டயல் எழுத்தெல்லாம் மை ஊறித் தடித்துக் கிடக்கிறது, யாரோ மறுபடி அச்சடித்த மாதிரி. முள் புதுசு. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தில் பதிக்கும் எண் தகடு, அந்தப் பெசல் இன்சர்ட்டும் புதுசு. அதைக்கூட மாற்றிவிடலாம். ஆனால் கேஸ், அந்த உலோகக் கூடு? மேல்பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய மெல்லிய பிரஷ் கோடுகளை வழித்தெடுத்துக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டிருக்கிறான் எவனோ! தேய்ந்த உலோகத்தை எங்கே போய்த் தேடுவது? கடலையும் உப்பையும் தாங்கும்படி செய்த வாட்சை ஒரு பாலிஷ் சக்கரத்திடம் கொடுக்க எப்படி மனசு வருகிறது? பழசாகவே விட்டிருக்கக் கூடாதா?