எள் என்றால் எள்ளாகவே நிற்கும் வேலையாள்

(டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு சமையலறை. மறுநாள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பூசை. ஆயா பல ஆண்டுகள் தமிழ் வகுப்பு நடத்தியவர். அரைகுறை வாக்கியத்தில் கேட்டால் தண்ணீர்கூடத் தரமாட்டார். ஆகையால் பேரனும் இலக்கணத்தோடுதான் பேசியாக வேண்டும்.)

பேரன்: ஆயா, நேற்றிரவு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாக ஆடும் கற்பனை ஆட்டத்தில் எனக்கு அநீதி இழைக்கப்பட்டது. என் மந்திரவாதி ஒரு நூல் துண்டையும் மரத்துண்டையும் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத வேலையாளை வரவழைத்து, அரசனின் கோப்பையில் மது ஊற்றச் சொன்னான். நிறுத்தும்படி நான் சொல்லவில்லையாம். அதனால் அது குடம் காலியாகும்வரை ஊற்றி அரசனின் மடியை நனைத்துவிட்டது என்று ஆட்டத்தை நடத்துபவன் தீர்ப்பளித்துவிட்டான்.

ஆயா: அந்த வேலையாளுக்கு எவ்வளவு அறிவு என்று விதிநூலில் எழுதியிருக்கிறதா?

பேரன்: வலிமை 2 என்று இருக்கிறது, அறிவுக்கு எண்ணே இல்லை, மனம் அற்றது என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். ஆனால் துணி மடிப்பது, கிழிசல் தைப்பது, மது ஊற்றுவது போன்ற எளிய வேலைகளை மனித வேலையாளைப் போலவே செய்யும் என்றும் அங்கேயே இருக்கிறது.

ஆயா: துணி மடிப்பதை எளிய வேலை என்று எழுதியவர் பட்டுப் புடவையை மடித்துப் பார்த்ததில்லை. மற்ற ஏவலாட்களுக்கு எவ்வளவு?

பேரன்: சாதாரண மனிதனுக்கு 10, மந்திரத்தால் எழுப்பிய பிணத்துக்கு 3. மந்திரத்தால் நடமாடும் கல் பொம்மைக்கு, விதிநூலின் 2000ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் அறிவெண்ணே கிடையாது; 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 3 கொடுத்திருக்கிறார்கள்.

ஆயா: 14 ஆண்டுகளில் கல்லே மூன்று படி ஏறியிருக்கிறது. உன் கணக்குப் பாடத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பேரன்: ஹோமன்குலஸ் என்னும், மந்திரவாதி படைக்கும் குட்டி உருவத்துக்கு 10. படைத்தவன் அறிந்த மொழிகளெல்லாம் அதற்குப் புரியும், ஆனால் பேசாது.

ஆயா: மனித அறிவு உண்டு, சொன்னதெல்லாம் புரியும், எதிர்த்துப் பேசாது. உன் அத்தை மகளுக்கு இரண்டு ஆண்டுகளாக இப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பேரன்: என் வழக்கு, ஆயா!

ஆயா: அது முழு வாக்கியமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எள் என்றால் எண்ணெயாக நிற்பவன் உண்டு. உன்னுடையது எள் என்றால் எள்ளாகவே நிற்கும். நீ சொல்லாததை அது செய்யாது. நீயோ 'கோப்பையில்' ஊற்றச் சொன்னாய். கோப்பை நிறைந்ததும் அந்த வேலை முடிந்துவிட்டது. அதற்குமேல் ஊற்றினால் அது மடியில் ஊற்றியதாகுமே தவிர, கோப்பையில் ஊற்றியதாகாது. ஏழாம் வேற்றுமையை ஒழுங்காகப் படித்திருந்தால் உன் நண்பன் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்க மாட்டான். சரி, அது இந்தக் கூழ்ப்பானையைக் கோயில்வரை தூக்கி வருமா?

பேரன்: சுமார் 13 கிலோ சுமக்கும். ஆனால் என்னைவிட்டு 60 அடிக்குமேல் விலகினால் மறைந்துவிடும். எப்படியும் ஒரு மணி நேரத்தில் மந்திரம் தீர்ந்துவிடும்.

ஆயா: கூழ் குடிக்கும்வரை இருந்துவிட்டு, பானை தேய்க்கும் நேரத்தில் காணாமற்போய்விடுமா? அதற்கு மரத்துண்டு வேறு எதற்கு? உன் தாத்தாவை நான் ஒரே ஒரு கயிற்றில் வரவழைத்தேனே.