வேட்டைக்காரர் காசில் நாம் பார்க்கும் பறவைகள்

மார்ச் முதல் வாரம், விடிந்தும் விடியாத நேரம். பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் பக்கம் இருக்கும் மிடில் கிரீக் ஏரியின் வில்லோ பாயின்ட் முனையில் நின்றிருந்தோம். நடு ஏரி வெள்ளையாகக் கிடந்தது. உறைபனி இன்னும் உருகவில்லை போல என்றாள் மகள். சொல்லி முடிப்பதற்குள் அந்த வெள்ளை மொத்தமாக எழுந்தது. ஸ்னோ கூஸ் எனப்படும் பனி வாத்துகள். தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஆர்க்டிக் திரும்பும் வழியில் இங்கே இறங்குகின்றன. லட்சத்தைத் தாண்டும் ஆண்டுகளும் உண்டு. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்றவர் பேசியதுகூடக் கேட்கவில்லை.

இந்த இடத்தை நடத்துவது பென்சில்வேனியா கேம் கமிஷன். வேட்டையையும் காட்டுயிர்களையும் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பு. இது தவிர மாநிலம் முழுக்க 300-க்கும் மேற்பட்ட ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் எனப்படும் வேட்டை நிலங்கள், சுமார் 15 லட்சம் ஏக்கர், அதன் கையில் இருக்கிறது. யாரும் போகலாம், நடக்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

நான் சைவம். துப்பாக்கியைத் தொட்டதில்லை, தொடப்போவதும் இல்லை. வேட்டையும் பாதுகாப்பும் எப்படி ஒரே பலகையில் எழுதப்படும் என்று பல ஆண்டுகள் எரிச்சலோடு கேட்டவன். இப்போது என் கருத்து மாறியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் கூட்டாட்சி வரி. அந்தப் பணம் காட்டுயிர்ப் பணிக்காக மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு இதில் பங்கு கிடையாது. அந்த ஒரு நிபந்தனைதான் இதன் உயிர்நாடி என்று நினைக்கிறேன். கேம் கமிஷனும் பொது வரிப்பணத்தில் நடப்பதில்லை. உரிமக் கட்டணம், இந்தக் கூட்டாட்சிப் பணம், அப்புறம் தன் நிலத்து மரமும் எரிவாயுவும் தரும் வருமானம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மாநிலத்தில் மான் கிட்டத்தட்ட அற்றுப்போய், வெளி மாநிலங்களிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. இன்று சாலையோரமெல்லாம் மான்.

எல்லாம் எனக்கு உவப்பானதல்ல. இன்று துப்பாக்கி வாங்குவோரில் பலர் வேட்டைக்கே போவதில்லை. அவர்கள் கட்டும் வரியும் இதில் கலந்து வருவது உறுத்துகிறது. ஆனால் அதைச் சொல்லும் தகுதி, ஒரு காசும் கொடுக்காமல் பைனாகுலரோடு போய் நிற்கும் எனக்கு எவ்வளவு இருக்கிறது?

வேடந்தாங்கலின் பெயரிலேயே வேடன் இருக்கிறான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாக்கும் உரிமையை எழுதி வாங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமானது அவர்களுக்குத் தெரியும். ஏதோ ஒரு வகையில் அந்த நிலத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள்தான் அதைக் காக்கிறார்கள். இங்கே நம் பங்கு என்ன?

நான் கண்ட வழி டக் ஸ்டாம்ப், அதாவது கூட்டாட்சி அரசு விற்கும் நீர்ப்பறவை வேட்டை முத்திரை. 1934-ல் கார்ட்டூனிஸ்ட் டார்லிங் வரைந்த முதல் முத்திரை ஒரு டாலர், இன்று 25 டாலர். நீர்ப்பறவை வேட்டையாடும் 16 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்குக் கட்டாயம். மற்றபடி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நீர்ப்பறவை வாழிடங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. நல்ல கேமரா வைத்திருக்கும் நம் நண்பர்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒன்று வாங்க வேண்டும். இது என் உறுதியான வேண்டுகோள்.

இன்னொன்று, வேட்டைக்காரர் கண்ணில் படும்படி தயவுசெய்து ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள். போன நவம்பர் கடைசியில் வீட்டருகே ஒரு கேம் லேண்டுக்குள் மூவரும் சாம்பல் நிற ஜாக்கெட்டில் நடந்துகொண்டிருந்தோம். மான் வேட்டைக்காலம் என்ற நினைப்பே இல்லை. எதிரே வந்த வேட்டைக்காரர் எங்களை நிறுத்தினார். கோபப்படவில்லை. தன் தலையிலிருந்த ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி மகள் தலையில் வைத்து, "கார் வரைக்கும் உங்களோடு வருகிறேன்" என்றார். வந்தார். திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. டிரக்கில் இன்னொன்று இருக்கிறதாம்.

இப்போது காரின் டிக்கியில் ஐந்து ஆரஞ்சுத் தொப்பிகள் கிடக்கின்றன. எங்களுக்கு மூன்று போதும்.