காட்டினாலே பரப்பியதாகிவிடுமா?

2018 ஜூன் முதல் தேதி, ஹங்கேரியில் அரசுக்கு நெருக்கமான ‘மாகியர் இடோக்’ நாளேட்டில் ஒரு கருத்துக் கட்டுரை வந்தது. அந்நாட்டு அரசு ஓபரா நிறுவனம் புடாபெஸ்டின் எர்கெல் அரங்கில் நடத்திவந்த ‘பில்லி எலியட்’ இசை நாடகம் சிறுவர்களைத் தன்பாலீர்ப்பாளர்களாக்கிவிடும் என்பது அதன் சாரம். நாட்டின் மக்கள்தொகை குறைகிறது, படையெடுப்பு அபாயம் வேறு இருக்கிறது, இந்த நேரத்தில் அரசுப் பணத்தில் நடக்கும் மேடை இப்படிச் செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். படையெடுப்பு என்று அவர்கள் சொன்னது அகதிகள் வருகையை. அந்த மாதம் முடிவதற்குள் 15 காட்சிகள் ரத்தாயின.

அரசு தடை எதுவும் போடவில்லை. அமைச்சர் கையெழுத்து இல்லை, போலீஸ் இல்லை. ஓபராவின் தலைமை இயக்குநர் சில்வெஸ்டர் ஓகோவாச் சொன்ன காரணம், எதிர்ப்பிரச்சாரத்தால் டிக்கெட் விற்பனை விழுந்துவிட்டது என்பதுதான். “அப்புறமென்ன, கூட்டம் வரவில்லை, காட்சியை எடுத்துவிட்டார்கள், இதில் அரசியல் எங்கே வந்தது?” என்று கேட்பவர்கள் ஒரு பெரிய இசை நாடகத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

குடும்பத்தோடு பார்க்கும் நாடகத்துக்கு டிக்கெட் ஒன்றொன்றாகப் போவதில்லை. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு நான்காகப் போகும், அதுவும் வாரக்கணக்கில் முன்கூட்டியே. “இது பிள்ளைகளுக்கு ஆகாதாமே” என்று வீட்டில் ஒருவர் தயங்கினால் நான்கு இருக்கை காலி. அந்த அம்மா கட்டுரையை நம்பியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நாளைக்குப் பள்ளியில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தாலே போதும். செலவோ இருக்கை காலியானதால் குறையாது. வாத்தியக் குழு, நடனக் குழு, விளக்கு, ஒலி, சிறுவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஆட்கள் என எல்லாருக்கும் அரங்கம் பாதி நிறைந்தாலும் முழுச் சம்பளம்தான். ஆகவே ஒரு நாடகத்தை நிறுத்த அதன் எல்லாப் பார்வையாளர்களையும் திருப்ப வேண்டியதில்லை. தயங்கக்கூடிய ஒரு பகுதியைத் திருப்பினால் போதும், மீதி வேலையைக் கணக்கு நோட்டு பார்த்துக்கொள்ளும்.

நாடகத்தின் தலைவேடம் ஒரு சிறுவனுக்கு. பாலே, காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடும் டாப் நடனம், அந்தரடி, பாட்டு, வசனம் எல்லாம் ஒரே உடம்பில் சேர வேண்டும். எந்தப் பையனாலும் இதை நாள் தவறாமல் தாங்க முடியாது என்பதால் பல பையன்களைத் தயார்செய்து மாற்றி மாற்றி மேடையேற்றுவார்கள். நியூயார்க்கின் பிராட்வே மேடையில் அந்த வேடத்துக்கான 2009 டோனி நாடக விருதை மூன்று பையன்களுக்குச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் பயிற்சி. அதற்குள் குரல் உடையலாம், உயரம் கூடிவிடலாம், அதோடு வேடம் போயிற்று. பெரியவர்களின் நாடகம் ஒரு பருவம் தள்ளிப்போனால் அடுத்த பருவம் அதே நடிகர்களோடு போடலாம். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஒரு கோடையில் 15 காட்சிகள் போனால் போனதுதான்.

இனி கட்டுரையின் குற்றச்சாட்டுக்கு வருவோம். கதை 1984–85 பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தக் காலத்தில் நடக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு சுரங்க ஊர். குத்துச்சண்டை கற்றுக்கொள்ளப் போகும் பில்லி பாலே வகுப்பில் போய் நிற்கிறான். அப்பாவும் அண்ணனும் வேலைநிறுத்தத்தில், அம்மா இறந்துவிட்டாள். பில்லி தன்பாலீர்ப்பாளன் இல்லை. அவனுடைய நண்பன் மைக்கேல்தான் அப்படி. பெண் உடை போட்டுப் பார்ப்பதில் அவனுக்கு ஆசை. பில்லி அவனுடைய வீட்டுக்கு வரும்போது மைக்கேல் அந்த உடையோடு நிற்கிறான், ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பது மாதிரி பில்லியையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறான். பில்லிக்குக் கூச்சம், பயம். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு டாப் நடனம். மூன்று மணி நேரத்தை ஒட்டி ஓடும் நாடகத்தில் இது சில நிமிடம். பாக்கியெல்லாம் பசி, போலீஸ், மறியல், ஒரு பையனின் கால்கள்.

கட்டுரை வந்ததும் பலர் “பில்லி அப்படிப்பட்டவனே இல்லையே” என்று பதில் சொன்னார்கள். தகவல் சரி. ஆனால் அந்தப் பதில் எனக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. அது பில்லியைக் காப்பாற்றிவிட்டு மைக்கேலைக் கைவிடுகிறது. பில்லி அப்படிப்பட்டவனாக இருந்திருந்தால் கட்டுரை சொன்னது நியாயமாகிவிடுமா? மைக்கேல் எங்கிருந்தோ கொண்டுவந்து கதையில் ஒட்டப்பட்டவனும் இல்லை. அந்த வேலைநிறுத்தத்தின்போது லண்டன் தன்பாலீர்ப்பாளர்கள் குழு அமைத்து, வாளி ஏந்தி வசூல் செய்து, வேல்ஸ் சுரங்க ஊர்களுக்குப் பணம் அனுப்பினார்கள். 1984 டிசம்பரில் கேம்டன் பகுதியில் இதற்காகவே ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். தன்பாலீர்ப்பாளர்கள் நடத்தும் பிரைடு ஊர்வலம் 1985-இல் லண்டனில் நடந்தபோது சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கப் பதாகையோடு வந்து முன்னால் நடந்தார்கள். சுரங்கமும் மைக்கேலும் ஒரே மேடையில் நிற்பது வரலாறு.

ஓகோவாச் முதலில் சொன்ன பதில் இதைவிடச் சரியானது. வாழ்க்கையில் மறுக்க முடியாதபடி இருக்கும் ஒன்றை மேடையில் காட்டுவதாலேயே அதைப் பரப்புகிறோம் என்றாகிவிடாது என்றார். காட்டுவது வேறு, பரப்புவது வேறு. அரசு நிறுவனத்தின் தலைவர் ஒருவர் அரசுக்கு நெருக்கமான பத்திரிகைக்கு அப்படிப் பதில் சொன்னது சின்ன விஷயமில்லை. காட்சிகளை ரத்து செய்ததும் அவரே என்பதுதான் வேதனை.

‘பரப்புவது’ என்ற இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் எல்லாமே நடந்திருக்கிறது. பிரிட்டனில் 1988-இல் தாட்சர் அரசு கொண்டுவந்த உள்ளாட்சிச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, உள்ளாட்சிகள் தன்பாலீர்ப்பை வேண்டுமென்றே ‘பரப்பக்’ கூடாது என்றது. அதன்கீழ் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் பள்ளிகளும் நூலகங்களும் எதற்கு வம்பு என்று தாமாகவே ஒதுங்கின. ஸ்காட்லாந்தில் 2000-இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-இலும்தான் அது நீங்கியது. ஹங்கேரி ஒரு படி மேலே போனது. 2021 ஜூனில் 157-க்கு 1 என்ற வாக்கில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் மசோதாவாக வந்தது அது. அதில் கடைசி நேரத் திருத்தமாக இதையும் சேர்த்தார்கள். பிறப்புப் பாலிலிருந்து விலகும் அடையாளம், பால் மாற்றம், தன்பாலீர்ப்பு ஆகியவற்றைப் ‘பரப்பும் அல்லது காட்டும்’ எதுவும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கிடைக்கக் கூடாது. ‘அல்லது காட்டும்’ என்ற இரண்டே சொல் போதுமாக இருந்தது. ஓகோவாச் 2018-இல் போட்ட கோட்டை அது துடைத்துவிட்டது.

குழந்தைக்கு எதிரான குற்றத்தையும் மைக்கேல் மாதிரி ஒரு பையனின் இருப்பையும் ஒரே சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் சட்டம் காப்பதாகச் சொல்லும் பிள்ளைகளில் மைக்கேல்களும் இருக்கிறார்கள்.

நடைமுறையில் என்ன ஆனது என்பதற்கு இரண்டு சம்பவம். 2023 ஜூலையில் லீரா என்ற புத்தகக் கடை நிறுவனத்துக்கு 1 கோடியே 20 லட்சம் ஃபோரின்ட் (ஹங்கேரி நாணயம்) அபராதம். இரண்டு பையன்களின் காதலைச் சொல்லும் ஒரு சித்திர நாவலை மூடிய உறையில் போடாமல் இளையோர் பிரிவில் வைத்திருந்தார்கள். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் தேசிய அருங்காட்சியகத்தில் உலகப் பத்திரிகைப் புகைப்படக் கண்காட்சி. பிலிப்பைன்ஸில் வயதான தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் சேர்ந்து வாழும் ஓர் இல்லத்தைப் பற்றிய சில படங்கள் அதில் இருந்தன. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை என்று அரசு சொன்னது. வருகிறவர்களிடம் வயதுச் சான்று கேட்கும் அதிகாரம் தங்கள் ஊழியர்களுக்கு இல்லை என்றது அருங்காட்சியகம். நவம்பரில் அதன் இயக்குநர் லாஸ்லோ எல். சைமன் பதவி நீக்கப்பட்டார். அவர் அன்றைய ஆளுங்கட்சியான ஃபிடெஸின் முன்னாள் எம்.பி.

‘பில்லி எலியட்’ முடிவில் பில்லி லண்டன் பாலே பள்ளிக்குக் கிளம்புகிறான். போகிறவனை மைக்கேல் கூப்பிடுகிறான். பில்லி திரும்பி வந்து அவன் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறான். மேடையில் மைக்கேல் மட்டும் நிற்கிறான். 2021 சட்டத்தின் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், அந்த மைக்கேலாக நடிக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் டிக்கெட் வாங்கி எதிர் இருக்கையில் உட்கார்ந்து இந்தக் காட்சியைப் பார்க்க முடியாது.