மஞ்சள் மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை
டிடி-830 வகை மஞ்சள் மல்டிமீட்டரில் (வோல்ட், ஆம்பியர் போன்றவற்றை அளக்கும் கருவி) ஃபியூஸ் இருப்பதால் தவறாக இணைத்தாலும் ஆபத்தில்லை என்று ஒருவர் கருத்து சொல்லியிருக்கிறார். நண்பரே, அந்த ஃபியூஸ் மில்லிஆம்பியர் அளவுகளுக்கு மட்டுமே. இந்த வகையில், அதிக மின்னோட்டத்தை அளக்க வயரைச் செருகும் 10 ஆம்பியர் துளைக்குப் பொதுவாக ஃபியூஸ் கிடையாது. உள்ளே இருப்பது தடித்த கம்பித் துண்டு ஒன்றுதான். சிவப்பு வயரை அதில் செருகியபடி 12 வோல்ட் பைக் பேட்டரியின் இரு முனைகளையும் இரண்டு வயர்களின் நுனியால் தொட்டால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். வயர் உருகும், கை சுடும். புதிதாகக் கற்கும் மாணவர்கள்தான் இதை அதிகம் வாங்குகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

சரிபார்ப்பது எளிது. 10 ஆம்பியர் துளையருகே 'அன்ஃபியூஸ்டு' (ஃபியூஸ் இல்லை) என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டுப் பின்மூடியைத் திறந்து, அந்தத் துளையிலிருந்து போகும் பாதை ஃபியூஸ் வழியாகச் செல்கிறதா என்று பின்தொடர்ந்து பாருங்கள்.