முள்ளம்பன்றி தெரியலன்னு புலம்பறவங்களுக்கு

போன ஞாயித்துக்கிழமை அமிர்தி போயிருந்தோம். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன்: வேலூர்ல இருந்து கணியம்பாடி வழியா 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம், 1967ல ஆரம்பிச்ச சின்ன விலங்குப் பூங்கா. அக்கா பையன் அரை மணி நேரத்துல சுத்தி முடிச்சிட்டு, "இன்னா மாமா, இதுக்கா இவ்ளோ தூரம்? நாலு மானு, ஒரு மொதல. வண்டலூர்லயும் புலி தெரியல, இங்கயும் ஒண்ணும் தெரியல"ன்னான்.

எண்பதுகள்ல நான் இங்க வந்தப்போ நைனா கையில புளிச்சோத்துத் தூக்கு, என் டவுசர் பாக்கெட்ல வேர்க்கடலை. கடலை குரங்குக்கு. முதலைக்குக் கல்லு. அது உசுரா பொம்மையான்னு அண்ணனுக்கும் எனக்கும் ஒரு கம்மர்கட்டு பந்தயம். முதல் கல்லு தண்ணியில விழுந்துச்சு. ரெண்டாவது முதுகுல பட்டு 'டொக்'குனு சத்தம். அசையவே இல்ல. கண்ணுல மட்டும் மெல்லிசா ஒரு சவ்வு குறுக்க ஓடி விலகுச்சு. நான் ஜெயிச்சிட்டேன். சுத்தி நின்ன பெரியவங்க சிரிச்சாங்க. இன்னைக்கு நினைச்சா கூசுது.

இப்போ அது குற்றம். 1991ல வன உயிரினச் சட்டத்தைத் திருத்தினப்போ, பூங்கா விலங்கைச் சீண்டறது, தீனி போடறது, சத்தம் போட்டு மிரட்டறது எல்லாத்துக்கும் தடை போட்டாங்க. அடுத்த வருஷம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே, 1985ல, மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மெட்ராஸ் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போயிடுச்சு. கம்பிக்குப் பதிலா அகழி, சிமெண்ட் தரைக்குப் பதிலா காடு, 600 ஹெக்டேர். நடந்து கால் வலிக்கும், புலி புதர் பின்னால படுத்திருக்கும், நாம டிக்கெட் காசைச் சொல்லிப் புலம்புவோம்.

அந்தப் புலம்பல்தான் எனக்குப் புரியல. எப்பவும் கண்ணுக்குத் தெரியணும்னா அதுக்கு ஒளிய இடமே இருக்கக் கூடாது. சின்ன வயசுல ஒரு ஊர்ல கூண்டுக் கரடி ஒண்ணு பார்த்தேன். நின்ன இடத்துலயே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. நமக்கு ஆடிக் காட்டுதுன்னு கை தட்டினோம். அடைச்சு வெச்ச மன உளைச்சல்ல வர்ற ஆட்டம் அதுன்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் படிச்சேன்.

குறை இல்லாம இல்ல. நான் போன பல பூங்காக்கள்ல போர்டுல பேரும் லத்தீன் பேரும்தான் இருக்கு. முள்ளம்பன்றி ராத்திரிதான் வெளிய வரும், பகல்ல தூங்கும்னு தமிழ்ல ஒரு வரி எழுதினா என்ன? அது தெரியாமத்தானே சனம் கம்பியைத் தட்டுது. (செல்ஃபி பாயிண்டுக்கு மட்டும் எங்க இருந்துதான் காசு வருதோ.)

பையனை முள்ளம்பன்றிக் கூண்டாண்ட உக்கார வெச்சேன். முனகிக்கிட்டே உக்காந்தான். நாப்பது நிமிஷம். பொந்து வாயில கறுப்பும் வெள்ளையுமா நாலஞ்சு முள்ளு தெரிஞ்சுது. ஒருவாட்டி சிலுத்துக்கிச்சு. அவன் போனைத் தூக்கறதுக்குள்ள உள்ள போயிடுச்சு.

"பாத்தியாடா?"

"பாத்தேன் மாமா. பின்பக்கம் மட்டும்."

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கூப்பிட்டேன். "இருங்க, இன்னும் அஞ்சு நிமிஷம்"ன்னான்.